மன்னி எழுதின நாட்கள்

என் மன்னி ஹம்சா என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. சிலர் டைப்பிங் என்றார்கள். கம்ப்யூட்டரில் ஜாதகம் போடுகிறாள் என்று நம்பி ஒரு மாமா தன் பெண்ணின் பிறந்த தேதியைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். எங்கள் அப்பாவைக் கேட்டால், "இங்கிலீஷ்ல என்னமோ எழுதறா, வெள்ளைக்காராள்லாம் படிக்கறாளாம்" என்பார். உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் பதில் அதுதான். கனடாவில் டோரதி என்று ஒரு அம்மாள் இருந்தாள். அவள் தலைப்பு அனுப்புவாள், மன்னி ஐந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுதி அனுப்புவாள். எழுதியவள் பெயர் இல்லாமலே அது ஏதோ ஒரு வெப்சைட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாயிரத்து ஐந்திலும் ஆறிலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான். இதை நான் சத்தம் போட்டே சொல்வேன், ஏனென்றால் அப்போது யாரும் சொல்லவில்லை.

அப்பா கணபதிசுப்பிரமணியன் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். இருட்டு பிரியுமுன் மலையேறினால் மத்தியானம்தான் இறங்குவார். அண்ணா கணேஷ்ராம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். விடியற்கால யூனிட் ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வந்துகொண்டிருந்தவனுக்கு ஒருநாள் கம்பெனியே இல்லை, மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று. நான், சாய்லக்ஷ்மி, அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் எம்.காம். முடித்திருந்தது.

அண்ணாவின் பயோடேட்டாவை நாலு இடத்துக்கு அனுப்பத்தான் மன்னி முதன்முதலில் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த துளசிங்கத்தின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மன்னி தட்டுகிற வேகத்தைப் பார்த்துத் துளசிங்கம் வாயைப் பிளந்தார்.

"இன்னா ஸ்பீடுங்க! நீங்க இங்கிலீஷ் எம்.ஏ.ன்னு கணேஷ்ராம் சார் சொன்னாரு. எங்க மச்சான் மெட்ராஸ்ல ஊட்ல குந்திகினே ஆர்ட்டிகிள் எழுதி அனுப்பிகினு கீறான். வெளிநாட்டுக்காரன் செக்கு அனுப்பறான். நீங்களும் எழுதிப் பாருங்களேன்."

"நான் எழுதினா யார் வாங்குவா?" என்றாள் மன்னி.

"அட, அவனே எழுதறான்! இங்கிலீஷ்ல மூணு வாட்டி பெயிலுங்க அவன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் கட்டுரை, கூரையில் குவிந்த பனியை ஆபத்தில்லாமல் அகற்றுவது எப்படி. திருத்தணியில் மார்கழிப் பனிக்கே நாங்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறவர்கள். "சாயி, கூரைமேல பனி ஏறிடுத்துன்னா அவாள்லாம் என்ன பண்ணுவா?" என்று மன்னி என்னைக் கேட்டாள். "கம்பளியைப் போத்திண்டு தூங்குவா" என்றேன். இரண்டு நாள் படித்துப் படித்து எழுதி அனுப்பினாள். டோரதிக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது கடிதத்திலேயே ஒரு கூத்து நடந்தது. ஏதோ புரியாமல் மன்னி, "எனக்கு ஒரு டவுட்" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டாள். நாம் வகுப்பில் கையைத் தூக்கி டீச்சரிடம் கேட்கிற டவுட். அந்த அம்மாள் தன்மேல்தான் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து, நான் இருபது வருஷமாக நேர்மையாகத் தொழில் செய்கிறவள் என்று ஒரு பக்கம் பதில் எழுதியிருந்தாள். மன்னி அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. பிறகு சமாதானமாகி, அதிலிருந்து டோரதி ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் "டவுட் உண்டா?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டாள்.

துளசிங்கமே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தவணைக்குக் கொடுத்தார். பின்கட்டு அறையில் அதை வைத்து டெலிபோன் ஒயரை இழுத்து மாட்டினோம். எல்லாம் வந்தாயிற்று, எழுதுவதற்கு நேரம்தான் வரவில்லை.

திருத்தணிக்கு வருகிற உறவுக்காரர்கள் சாமியை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. கிருத்திகைக்கு ஒரு கூட்டம், மொட்டை போட ஒரு கூட்டம், திருப்பதி போகிற வழியில் "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" ஒரு கூட்டம். எல்லாருக்கும் எங்கள் வீட்டில்தான் இலை. என் அம்மா அகிலாண்டேஸ்வரி மடி கட்டிக்கொண்டு சமைக்கிறவள். மன்னியும் குளித்து ஈரம் சொட்டக் கூட நிற்க வேண்டும். மன்னி ஒருநாள் தயங்கித் தயங்கி, "அம்மா, கொஞ்சம் எழுதற வேலை இருக்கு" என்றாள்.

"பேஷா எழுதேன். சமையல் ஆகட்டும், அப்புறம் எழுதேன்" என்றாள் அம்மா. மனதறிந்து கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. காலைச் சமையல் முடிந்தால் பத்துப் பாத்திரம், பாத்திரம் முடிந்தால் ராத்திரிக்கு அரைப்பது, இதில் அந்த அப்புறம் எங்கே வருகிறது என்று அம்மா யோசித்ததே இல்லை.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அந்த அப்புறம் வந்தது. எங்களைப் போன்ற வீடுகளில் பெண்கள் மாதாமாதம் மூன்று நாள் தூரம். அடுக்களைக்குள் வரக்கூடாது, யாரையும் தொடக்கூடாது, பின்கட்டு அறையில் தனியாக இருக்க வேண்டும். எனக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பின்கட்டு அறையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மன்னி அதைத் தொடலாமா என்று பெரிய விசாரணையே நடந்தது. "மரத்துக்கும் துணிக்கும் தீட்டு உண்டு. பிளாஸ்டிக்கைப் பத்தி எங்கயும் சொல்லலை" என்று அப்பா தீர்ப்பு சொன்னார். அம்மா அரைமனதாக ஒப்புக்கொண்டு, நாலாம் நாள் காலையில் மானிட்டர்மேல் ஜலம் தெளிக்க வந்தாள். மன்னி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். கடைசியில் வாசப்படிக்குத் தெளித்தால் போதும் என்று முடிவாயிற்று.

அந்த மூன்று நாளும் மன்னியை யாரும் கூப்பிடமாட்டார்கள். உறவுக்காரர் வந்தாலும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நான் தட்டில் சாதத்தைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவேன். மன்னி நாயின் பல்லை எப்படித் தேய்ப்பது, தோட்டத்துப் புல்லை எந்த மாதம் வெட்டுவது என்று எழுதித் தள்ளுவாள். அந்த மூன்று நாளில் அவள் முகத்தில் வருகிற தெளிவு மற்ற நாட்களில் இருக்காது. கொடுமைக்கென்று வைத்த அறை அவளுக்கு ஆபீஸ் ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் டோரதி வேலையை இரட்டிப்பாக்கினாள். முடியாது என்றால் வேறு ஆள் பார்ப்பாள். அண்ணாவுக்கு அப்போதும் வேலையில்லை. அன்றைக்குப் பார்த்துப் புத்தூர் அத்தை ஏழு பேரோடு வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மன்னி அடுக்களை வாசலில் நின்று ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தாள். "அம்மா, நான் தூரம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கணக்கு படிக்கிறவள். தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது, "மன்னி, பதினாலு நாள்தானே ஆச்சு. கணக்கு உதைக்கறதே?" என்றேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "இந்த ஒரு தடவைதான், சாயி."

அந்த ஒரு தடவை மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. நிஜத் தூரம் ஒன்று, பொய்த் தூரம் ஒன்று. நான் வாயை மூடிக்கொண்டேன். என் காலேஜ் பீஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மடப்பள்ளி வீட்டில் இது எவ்வளவு பெரிய பொய் என்பதும் தெரியும்.

தெரியாமல் போனது வேறொன்று. மன்னிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது, குழந்தை இல்லை. அவள் தூரம் என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு அது, இந்த மாதமும் இல்லை என்ற செய்தி. அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். சமையலை முடித்துவிட்டு, மஞ்சள் குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவாள். மேலே பஸ் போகிறதே என்றால், "பஸ்ல போய் இறங்கினா அதுக்குப் பேர் வேண்டுதலா?" என்பாள். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. அதோடு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை தூரமானால் கர்ப்பப்பையில் பலமில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அசோகப்பட்டைக் கஷாயம் வீட்டில் கொதிக்க ஆரம்பித்தது. வாசனைக்கே குமட்டும். மன்னி அதை ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள். தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.

அடுத்த ஆடியில் ஒருநாள் காலேஜ் விட்டு வரும்போது, படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் பூ விற்கிற கமலா என்னைக் கூப்பிட்டாள்.

"தே பாப்பா, உங்கம்மாவ கொஞ்சம் பாரு. மாசத்துல ரெண்டு வாட்டி மேல போய்கினு வராங்க. எறங்கறப்போ முட்டிய புட்ச்சிகினு பக்கவாட்டுல எறங்கறாங்க. இன்னிக்கி நான்தான் கைய புட்ச்சி குந்த வெச்சேன். இன்னா வேண்டுதலோ, கேட்டா அழுவறாங்க."

கமலாவின் கூடைக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மன்னி சொன்னது பொய்த் தூரம்.

வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மன்னியைப் பிடித்துக்கொண்டேன். "நீ இங்க உக்காந்து தட்டற ஒவ்வொரு வரிக்கும் அங்க அம்மா ஒரு படி குனிஞ்சு நிமிர்றா. தெரியுமா உனக்கு? கண்ணால போய்ப் பாரு!" என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். மன்னி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பேசியது நியாயம்தான். ஆனால் அவளை அழவைத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆவணி முழுக்க அவள் பொய் சொல்லவில்லை. அடுக்களை வேலை ஓய்ந்த பிறகு எழுதப் பார்த்தாள், கீபோர்டின் மேலேயே தூங்கிப்போனாள். டோரதியின் கடிதங்கள் சுருங்கின. கடைசியில் டவுட் உண்டா என்று கேட்பதும் நின்றுபோயிற்று. அண்ணாவுக்கு அதற்குள் ஒரு வேலை கிடைத்திருந்தது, ஆனால் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. புரட்டாசியில் மன்னி மறுபடி பொய் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. என்னைப் பார்க்காமலே தட்டை வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் டோரதி ஒரேயடியாக நாற்பது கட்டுரை கேட்டாள். மூன்று நாளில் வேண்டும், முடித்துக்கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் நிச்சயமான வேலை. முடிக்காவிட்டால் இத்தோடு சரி. நாற்பதும் கர்ப்பிணிகளுக்கான கட்டுரைகள். என்ன சாப்பிடலாம், எப்படிப் படுக்கலாம், எந்தத் தொட்டில் நல்லது. தலைப்புப் பட்டியலைப் படித்தபோது மன்னி சிரித்தாள். "போயும் போயும் என்கிட்டயா கேக்கறா இதெல்லாம்" என்றாள். பிறகு அம்மாவிடம் போய், தூரம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பத்து மணி இருக்கும். நான் காபி டம்ளரை வாசலில் வைக்கப் போனேன். மன்னி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கை ஓடவில்லை.

"சாயி, நான் கடைசியா நிஜமா எப்போ தூரமா உக்காந்தேன்?"

"என்னைக் கேட்டா? நீதானே கணக்கு வச்சிண்டிருக்கே."

"எனக்குக் குழம்பிப் போச்சுடி. எது நிஜம், எது பொய்னு…" திரையைக் காட்டினாள். ஆரம்ப அறிகுறிகள் என்ற கட்டுரை. பாதிதான் எழுதியிருந்தாள். "ஒவ்வொண்ணா எழுதிண்டே வரேன். கஷாய வாசனைக்குக் குமட்டறது, உக்காந்த இடத்துல தூக்கம், எல்லாம் இருக்கு. பட்டினிக்கும் கண்முழிப்புக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சிண்டிருந்தேன்."

இரண்டு பேரும் விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினோம். தீபாவளிக்கு முன் சொன்னது பொய், தீபாவளிக்கு அப்புறம் சொன்னதும் பொய். நவராத்திரிக் கொலு வைப்பதற்கு முந்தின வாரம் அவள் வயிற்றுவலியில் சுருண்டு படுத்திருந்தது மட்டும் நிஜம். அதற்கப்புறம் நிஜமே வரவில்லை. ஊருக்கெல்லாம் தூரம் என்று சொல்லிச் சொல்லி, வரவேண்டியது வராததை அவளே கவனிக்கவில்லை. இப்படி ஒரு அசடு உலகத்தில் உண்டா?

அப்போது வாசல் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "சாயி, கதவைச் சாத்திக்கோ. நான் மலைக்குப் போயிட்டு வரேன்."

மன்னி எழுந்தாள். நான் தடுப்பதற்குள் கூடம், ரேழி எல்லாம் தாண்டி ஓடினாள். தூரம் என்று சொன்னவள் கூடத்தில் கால் வைத்ததைப் பார்த்து அம்மா, "ஏய் ஏய், எங்கடி வரே?" என்று பின்வாங்கினாள். மடிப்புடவையில் இருந்தாள், கையில் மஞ்சள் குங்குமப் பொட்டலம். மன்னி நிற்கவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேன்னு பாக்காதேங்கோம்மா. நான் தூரமில்லை" என்றாள் மன்னி. "பொய் சொன்னேன். எழுதறதுக்கு நேரம் வேணும்னு பொய் சொன்னேன். ஒரு வருஷமா சொல்லிண்டிருக்கேன். இனிமே நீங்க ஏறாதேங்கோ. எனக்கு ரெண்டு மாசமாச்சும்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். மன்னியும் கையை விடாமல் கூடவே உட்கார்ந்தாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை பொய்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கோட பதிமூணு."

"இன்னிக்குத்தான் இன்னும் ஏறலையே. அப்போ பன்னெண்டு." அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். மன்னி விசும்பினாள். "ஏண்டி அழறே? மாசத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டப்போ அவன் காதுலயே போட்டுக்கலை. ரெண்டு தடவை போய்ப் பிடுங்கவும், இவ தொந்தரவு தாங்கலைன்னு குடுத்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"ஆனா எழுதணும்னா எழுதணும்னு சொல்றதுக்கென்ன? நான் என்ன புலியா கரடியா?"

"சொன்னேனேம்மா. சமையல் ஆகட்டும், அப்புறம் எழுதேன்னேள்."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. "ஆமாம்" என்றாள் கடைசியில். "இந்தாத்துல என்னிக்குச் சமையல் ஆகியிருக்கு?"

பிறகு எழுந்து புடவையை உதறினாள். எத்தனை எழுத வேண்டும் என்று கேட்டாள். நாற்பது, மூன்று நாளில் என்றாள் மன்னி. அம்மா ஒரு நிமிஷம்தான் யோசித்தாள்.

"இந்தச் சேதி வெளியில போச்சுன்னா தெருவே கூடத்துல வந்து உக்காந்துடும். உன்னை ஒரு வரி எழுத விடமாட்டா. நீ உள்ள போ. நீ தூரம்தான். மூணு நாளைக்கு."

"அம்மா, நீங்க போய்…" என்று மன்னி இழுத்தாள்.

"போடின்னா போயேன்! டீ சாயி, ரசத்தை இறக்கு. இனிமே சமையல் நீ."

மன்னி உள்ளே போனாள். அம்மா பொட்டலத்தோடு மறுபடி மலைக்குக் கிளம்பினாள். ஏற வேண்டாம் என்றுதானே மன்னி சொன்னாள் என்றேன். "இது வேற கணக்கு" என்றாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புத்தூர் அத்தை, அவள் நாத்தனார், மூன்று பிள்ளைகள். அத்தை உள்ளே வந்ததும் வராததுமாக, "ஹம்சா எங்கே காணோம்?" என்றாள்.

"அவ தூரம்" என்றாள் அம்மா. என் அம்மா, மடிக்கு ஒரு குறை வந்தால் மூன்று வேளை பட்டினி கிடக்கிறவள், கண் இமைக்காமல் சொன்னாள்.

அத்தை உச்சுக் கொட்டினாள். "ஐயோ பாவம். இந்த மாசமும் இல்லையா?"

நாலு வருஷமாக இந்தக் கேள்வியை ஊரில் எல்லாரும் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், குழாயடியில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா தலைகுனிந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்கட்டிலிருந்து மன்னி தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.